ஃபோண்டூவும் ராக்லெட்டும்: நல்ல உணவகம் எது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பிக்கிறோம்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெண் எடுத்த இடம் கிளியனூர். 1954-ல் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்து, 1962-ல் அந்த இணைப்பு சட்டப்படி முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. புதுவை, காரைக்கால் முஸ்லிம்களில் பலர் இன்று பிரான்சில் வாழ்வது அதன் தொடர்ச்சியே. அவர்களுக்குப் பெண் கொடுத்தும் எடுத்தும் உறவு கொண்ட வீடுகள் திண்டிவனம், மரக்காணம் பக்கத்து ஊர்களிலும் உண்டு. ஆகவே இந்தக் கடிதத்தின் கேள்வி வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று.

சகோதரர் எழுதுவதன் சாரம் இது: வரும் குளிர்கால விடுமுறையில் மாமாவும் மாமியும் கிளியனூரிலிருந்து வருகிறார்கள். அவர்களை அருகிலுள்ள ஜெனீவா ஏரிக்கு அழைத்துப்போக எண்ணம். அங்கே ஃபோண்டூ, ராக்லெட் என்னும் பாலாடைக்கட்டி உணவை உண்ணவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்கிறார்கள். 'நல்ல உணவகம் ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி?' என்று கேட்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உடன் வேலை செய்பவர்களோடு ஃபோண்டூ உண்டுவிட்டு, அதில் மது ஊற்றப்பட்டிருந்ததைப் பிறகுதான் அறிந்தாராம். அன்று முதல் மனதில் ஓர் உறுத்தல். 'கொதித்துவிட்டால் மது போய்விடும், பயப்படாதே' என்கிறார் ஒரு நண்பர். 'ஐரோப்பியப் பாலாடைக்கட்டி எல்லாமே ஹராம், பிள்ளைகளுக்குக்கூட வாங்காதே' என்கிறார் இன்னொருவர். இருவரில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியன்று என்பதே நமது பதில். ஒருவர் கேட்கவேண்டியதைக் கேட்காமல் உண்ணச் சொல்கிறார். மற்றவர் அல்லாஹ் தடுக்காததைத் தடுக்கிறார். ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்ணும்படி திருமறையின் 2:168-ஆம் வசனம் ஏவுகிறது. அதே திருமறை, நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று கூறுவதை 16:116-ல் கண்டிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே இந்த மஸ்அலாவை அணுகவேண்டும்.

இந்த உணவு என்ன?

அறியாத வாசகர்களுக்காக முதலில் இதை விளக்குகிறோம். ஃபோண்டூ என்பதற்கு 'உருகியது' என்று பொருள். துருவிய பாலாடைக்கட்டியை ஒரு கனத்த சட்டியில் உருக்கி, அதைச் சிறு அடுப்பின்மேல் மேசையிலேயே வைப்பார்கள். எல்லோரும் சுற்றி அமர்ந்து, நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, சட்டியில் தோய்த்து உண்பார்கள். ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் நம் வழக்கம் போன்றதுதான்.

ராக்லெட் என்பது 'சுரண்டுதல்' என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் வலே மலைப்பகுதி மேய்ப்பர்கள், பாதியாக வெட்டிய பாலாடைக்கட்டியை நெருப்பருகே வைத்து, இளகிய பகுதியைச் சுரண்டி, தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் இட்டு உண்டார்கள். இன்று மேசைமேல் வைக்கும் சிறிய மின் அடுப்பு இருக்கிறது. பிரான்சில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு இதைக் காணலாம்.

ஆக அடிப்படையில் இவை பால், உப்பு, ரொட்டி, கிழங்கு. பாலாடைக்கட்டி என்பதும் நம் மார்க்கத்துக்குப் புதிய பொருளன்று. தபூக்கில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது, கத்தியைக் கேட்டு வாங்கி, பிஸ்மில்லாஹ் கூறி வெட்டினார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆகவே பாலாடைக்கட்டியின் அசல் ஹலால் என்பதில் ஐயமில்லை. அதனோடு சேருபவை எவை என்பதில்தான் மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதற் கேள்வி: சட்டியில் மது உண்டா?

ஃபோண்டூவைப் பொறுத்தவரை இதுவே தலையாய கேள்வி. வழக்கமான செய்முறையில் சட்டியில் முதலில் ஊற்றுவது வெள்ளைத் திராட்சை மதுதான். க்ருயேர், வாஷ்ரான் என்னும் இரு வகைப் பாலாடைக்கட்டியைச் சரிபாதி கலந்து செய்யும் புகழ்பெற்ற ஃபோண்டூவிலும் மது உண்டு. இறக்குமுன் கீர்ஷ் என்னும் செர்ரிச் சாராயத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு. ஜெனீவா ஏரிக்கரையில் பாக்கி குளியல்துறை உணவகத்தின் ஃபோண்டூ பெயர்போனது. அது நுரைக்கும் மதுவில் செய்யப்படுவது. பயணக் கையேடு 'மிக நல்லது' என்று புகழும் இடம் நமக்கு நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

'கொதித்தால் மது போய்விடும்' என்பது உண்மையா? அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, மது சேர்த்த உணவு 15 நிமிடம் கொதித்த பின்பும் அதிலுள்ள சாராயச் சத்தில் சுமார் 40 விழுக்காடு எஞ்சி நிற்கிறது. இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் சுமார் 5 விழுக்காடு நிற்கிறது. ஃபோண்டூ அவ்வளவு நேரம் கொதிப்பதில்லை. அப்படியே முழுதும் போய்விட்டதாக வைத்துக்கொண்டாலும், மது நஜீஸ் என்பதே நான்கு மத்ஹபுகளின் வழக்கிலுள்ள சட்டம். நஜீஸை ஊற்றிச் சமைத்த உணவு சமைப்பதால் தூய்மையாகாது.

'மது வேறு பொருளாக மாறிவிடுகிறதே' என்று சிலர் வாதிப்பார்கள். இதற்கு நம் மரக்காணத்து மக்களுக்கு எளிதில் விளங்கும் உதாரணம் ஒன்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்களிலேயே உண்டு. உப்பளத்தில் ஒரு கழுதை விழுந்து செத்து, நாளடைவில் முழுதும் உப்பாகவே மாறிவிட்டால், அந்த உப்பு தூய்மையானது என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. ஏனெனில் அங்கே கழுதை என்னும் பொருளே இல்லை; உப்பு மட்டுமே இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபு இவ்வளவு தூரம் இடம் தருவதில்லை. ஆனால் ஃபோண்டூச் சட்டியில் நடப்பது இந்த மாற்றமன்று. அங்கே மது பாலாடைக்கட்டியோடு கலந்து நிற்கிறது. அதன் மணமும் சுவையும் தெரியவேண்டும் என்பதற்காகவே ஊற்றுகிறார்கள். உப்பளத்தில் விழுந்தது உப்பாயிற்று. சட்டியில் விழுந்தது மதுவாகவே இருக்கிறது. ஆகவே எந்த மத்ஹபின்படியும் அதை உண்பது கூடாது.

மது இல்லாமல் ஃபோண்டூ இல்லையா? உண்டு. ஃப்ரிபூர் பகுதியில் வாஷ்ரான் பாலாடைக்கட்டியை மட்டும் தண்ணீரில் உருக்கிச் செய்யும் ஃபோண்டூ அந்நாட்டின் பழைய வகைகளில் ஒன்று. மதுவின் வேலை அதன் புளிப்பால் பாலாடைக்கட்டி திரியாமல் வழுவழுப்பாக உருகச் செய்வதே. அந்த வேலையை எலுமிச்சைச் சாறு செய்துவிடும்.

இரண்டாம் கேள்வி: பாலை உறையவைத்தது எது?

நாம் தயிருக்கு உறைமோர் விடுவதுபோல, பாலாடைக்கட்டிக்கு ரென்னட் விடுகிறார்கள். இதை அரபியில் இன்ஃபஹா என்பர். பால்குடி மாறாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் சத்து இது. ஒரு பங்கு, சுமார் பத்தாயிரம் பங்கு பாலை உறையவைக்கும் ஆற்றலுடையது. சுவிஸ் நாட்டு க்ருயேரும் வலே ராக்லெட்டும் பழைய முறைப்படி கன்றின் ரென்னட்டாலேயே செய்யப்படுகின்றன.

அந்தக் கன்று எப்படி அறுக்கப்பட்டது? சுவிட்சர்லாந்தில் 1893-ல் நடந்த மக்கள் வாக்கெடுப்பின்படி, மயக்கமுறச் செய்யாமல் கால்நடைகளை அறுப்பது தடை செய்யப்பட்டது. அந்தத் தடை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. வேதக்காரர்களின் உணவு நமக்கு ஆகும் என்று 5:5-ஆம் வசனம் கூறினாலும், மயக்கியபின் அறுக்கப்படுவது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே முறைப்படி அறுக்கப்படாத கன்றின் ரென்னட் என்று வைத்துக்கொண்டே சட்டத்தைப் பார்ப்போம்.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடம், உண்ண ஆகுமான பிராணியின் இன்ஃபஹா, அப்பிராணி முறைப்படி அறுக்கப்படாவிட்டாலும் தூய்மையானது. நெருப்பு வணங்கிகள் வாழ்ந்த இராக்கை வெற்றிகொண்ட ஸஹாபாக்கள், அம்மக்கள் செய்த பாலாடைக்கட்டியை உண்டார்கள் என்பது இதற்குக் காட்டப்படும் ஆதாரம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடமும் பெரும்பான்மை அறிஞர்களிடமும் அது நஜீஸ். அதனால் உறைந்த பாலாடைக்கட்டியும் ஆகாது. பன்றியின் ரென்னட்டாக இருந்தால் யாரிடத்திலும் ஆகாது.

அப்படியானால் ஷாஃபிஈ மத்ஹபினர் ஒவ்வொரு துண்டையும் சந்தேகிக்க வேண்டுமா? இல்லை. நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஃபத்ஹுல் முஈன், ஷாஃபிஈ மத்ஹபின் நூல்தான். பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதிய அந்நூலில் இதே மஸ்அலா வருகிறது. ஷாம் நாட்டுப் பாலாடைக்கட்டி பன்றியின் இன்ஃபஹாவால் செய்யப்படுவதாக ஊரெங்கும் பேச்சு இருந்தும், வெறும் பேச்சை வைத்து அதை நஜீஸ் என்று சொல்லலாகாது என்று அதில் விளக்கப்படுகிறது. அங்கிருந்து வந்த பாலாடைக்கட்டியை நாயகம் (ஸல்) அவர்கள் விசாரிக்காமலே உண்டார்கள் என்பதும் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. தூய்மையே அசல், உறுதியான அறிவு வந்தால்தான் அந்த அசல் மாறும். 'ஐரோப்பியப் பாலாடைக்கட்டி எல்லாமே ஹராம்' என்று சொல்லும் நண்பர் இந்தப் பாடத்தைக் கவனிக்கவேண்டும்.

ஆனால் கன்றின் ரென்னட் என்று அறிந்தபின் அது வெறும் பேச்சன்று. அப்போது ஹனஃபியாக்கள் தம் இமாமின் சொல்படி உண்ணலாம். ஷாஃபிஈகள் விலகிக்கொள்வதே பேணுதல். இரு சாராருக்கும் இலகுவான வழியும் ஒன்று உண்டு. பூஞ்சைக் காளானிலிருந்து எடுக்கும் நுண்ணுயிர் ரென்னட்டும், 1990 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டு உலகெங்கும் பரவிய, தொட்டிகளில் நொதிக்கவைத்து எடுக்கும் ரென்னட்டும் இன்று ஏராளம். அவற்றால் செய்த பாலாடைக்கட்டியில் அறுப்பு என்னும் பேச்சே எழுவதில்லை.

மூன்றாம் கேள்வி: உடன் வருவது என்ன?

ராக்லெட்டில் மது ஊற்றுவது வழக்கமன்று. ஆனால் தட்டில் பன்றி இறைச்சித் துண்டுகளை அடுக்கித் தருவது வழக்கம். உலர்ந்த மாட்டிறைச்சியும் வரும். அதுவும் நம் முறைப்படி அறுக்கப்பட்டதன்று. இறைச்சியே வேண்டாம் என்று சொல்லி, கிழங்கும் ஊறுகாய் வெள்ளரியும் மட்டும் கேட்டு வாங்கலாம்.

அந்த மின் அடுப்பில் முந்தைய வாடிக்கையாளர் பன்றி இறைச்சியை வாட்டியிருப்பாரே? வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஅலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு கிடைத்தால் அவற்றில் உண்ணவேண்டாம் என்றும், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணலாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆகவே கழுவிய தகட்டையும் கரண்டிகளையும் கேட்டு வாங்கவேண்டும். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான சொல் என்பதால், அவர்கள் இறைச்சி வாட்டாத தனி அடுப்பு உள்ள இடத்தைத் தேடுவது நலம்.

ஃபோண்டூ என்ற பெயரில் எண்ணெயிலோ சாற்றிலோ இறைச்சியை வேகவைத்து உண்ணும் வகைகளும் உண்டு. பெயரை மட்டும் நம்பி அமர்ந்துவிடாதீர்கள்.

மேசையைப் பற்றி

உணவு சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமரவேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தது திர்மிதி முதலிய நூல்களில் வந்துள்ளது. ஃபோண்டூவோடு வெள்ளை மது அருந்துவது அந்நாட்டுப் பழக்கம். உடன் பணிபுரிவோர் அழைத்தால், மது இல்லாத மேசையாக இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே பணிவோடு சொல்லுங்கள். ஃபோண்டூவோடு சூடான கறுப்புத் தேநீர் அருந்துவதும் சுவிஸ் வழக்கம்தான். ஆகவே தேநீர் கேட்பது அவர்களுக்கு விந்தையாகத் தோன்றாது. அதற்கும் ஒப்பாவிட்டால் அந்த விருந்தை விட்டுவிடுங்கள்.

எப்படிக் கேட்பது?

சகோதரரின் கேள்விக்கு இப்போது நேராக வருகிறோம். போய் அமர்ந்தபின் கேட்பதைவிட, முதல்நாளே தொலைபேசியில் கேட்பது மேல். நான்கு கேள்விகள் போதும்:

1. ஃபோண்டூவில் மதுவோ கீர்ஷோ சேர்க்கிறீர்களா? தண்ணீரில் தனியாகச் செய்துதர முடியுமா?
2. எந்தப் பாலாடைக்கட்டி? அதன் ரென்னட் கன்றினுடையதா, நுண்ணுயிரினதா?
3. பன்றி இறைச்சி படாத அடுப்பும் கரண்டியும் கிடைக்குமா?
4. மது இல்லாத தனி மேசை உண்டா?

விலைப்பட்டியலில் பார்க்கவேண்டிய சொற்கள் சில. பிரெஞ்சில் 'வான் ப்ளான்' என்றால் வெள்ளை மது, 'ப்ரெஸூர்' என்றால் ரென்னட், 'போர்', 'ஜாம்போன்', 'லார்தோன்' மூன்றும் பன்றி. ஜெர்மன் பேசும் பகுதியில் 'வைஸ்வைன்' மது, 'லாப்' ரென்னட், 'ஷ்பெக்', 'ஷின்கென்' பன்றி. ஜெனீவாவில் 1978-ல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. ஜும்ஆவுக்குச் செல்லும்போது அங்குள்ள சகோதரர்களிடம் விசாரித்தால், எந்தக் கையேட்டையும்விட நல்ல வழி கிடைக்கும்.

கேட்டபின் அவர்கள் தெளிவாகப் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். சமையலறைக்குள் புகுந்து துருவ வேண்டியதில்லை. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையே உள்ள ஐயத்துக்குரியவற்றை விட்டவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்பது நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து.

நம் ஊரில் என்றால்?

கிளியனூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் புதுவைக்குப் போய்விடலாம். அங்கே பிரெஞ்சு உணவகங்கள் உண்டு. ஆரோவில்லில் பாலாடைக்கட்டியும் செய்கிறார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள், பாலாடைக்கட்டியை விலங்கினமல்லாத ரென்னட் போன்றவற்றால் உறையவைக்கவேண்டும் என்கின்றன. ஆகவே இங்கு செய்த பாலாடைக்கட்டியில் இரண்டாம் கேள்வி பெரும்பாலும் எழாது. இறக்குமதிச் சரக்கானால் உறையைப் படித்துப் பாருங்கள். ஆனால் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று மதுவைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். அந்தப் புள்ளி சைவமா அசைவமா என்று மட்டுமே சொல்லும். மதுவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எல்லாவற்றிலும் நல்ல உணவகம்

சகோதரரே! மாமாவும் மாமியும் முதல் முறையாக வருகிறார்கள். நான்கு கேள்விக்கும் பதில் சொல்லும் உணவகம் கிடைக்காவிட்டால் மனம் சோரவேண்டாம். ஏரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். நால்வருக்கு 800 கிராம் துருவிய பாலாடைக்கட்டி போதும். நுண்ணுயிர் ரென்னட் என்று உறையில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சட்டியின் உட்புறத்தில் ஒரு பல் பூண்டைத் தேய்த்து, 3 டெசிலிட்டர் தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஊற்றிச் சூடாக்கி, மூன்று தேக்கரண்டி சோளமாவு பிசறிய பாலாடைக்கட்டியைச் சிறிது சிறிதாக இட்டு, தணலைக் குறைத்துக் கிளறுங்கள். மிளகு தூவி இறக்கி, பிள்ளைகளை பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கச் செய்யுங்கள். மாமி மனம் கோணாமல் உண்பார்கள். தம் அத்தா எதையெதைக் கேட்டு வாங்கினார் என்பதைப் பிள்ளைகளும் பார்த்துப் படிப்பார்கள்.

இனி உங்கள் உறுத்தலைப் பற்றி. அறியாமல் தவறிச் செய்ததில் குற்றமில்லை, உள்ளம் நாடிச் செய்ததில்தான் குற்றம் என்பது 33:5-ஆம் வசனம் தரும் ஆறுதல். நீங்கள் அறியாமல் உண்டீர்கள், அறிந்ததும் வருந்தினீர்கள். இஸ்திக்ஃபார் செய்து அமைதி கொள்ளுங்கள். அந்த வருத்தம் உங்களை இன்று கேட்கவைத்திருக்கிறது. அதுவும் அல்லாஹ்வின் அருளே. இனி அறிந்தபின் கேட்காமல் உண்பதுதான் பொறுப்புக்குரியது.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் உணவையும் ஹலாலாக்கி, நம் பிள்ளைகள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் கேட்டறிந்து உண்ணும் பேணுதலை அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.